மலைநாட்டின் வாசற்படி: பலனக் கோட்டை

மலைநாட்டுத் தடங்கள் – 14

சென்ற இதழில் ஹங்குராங்கெத்தையில் நின்றோம். 1664இல் நில்லம்பையில் வெடித்த கலகத்தில் உயிர்தப்பிய இரண்டாம் இராஜசிங்கன் அங்கேதான் வந்து நிலைகொண்டான். அவனுக்குப் பின் வந்த அரசர்களுக்கும் ஆபத்து வேளையில் அதுவே புகலிடமானது. 1818 கிளர்ச்சியோடு அந்த அரண்மனை அழிந்ததையும், அதன் கற்கள் பொத்குல் விகாரைக்குப் போனதையும் பார்த்தோம்.

ஹங்குராங்கெத்தை, கொத்மலை, வலப்பனை என்று இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் பள்ளத்தாக்குகளெல்லாம் கண்டி அரசின் உள்வீடு. உள்வீடு என்றால் ஒரு வாசலும் இருந்தாக வேண்டும். எதிரி எந்த வழியாக ஏறி வருவான், அவனை எங்கே நிறுத்துவது என்று அரசர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. அதுதான் பலன. இந்த இதழில் அந்த மலைக்கு ஏறப் போகிறோம்.

நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் அந்த இடத்தைப் பலமுறை கடந்திருக்கிறார்கள். நானுஓயாவிலோ ஹட்டனிலோ கொழும்புக் கோச்சியில் ஏறினால், நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை கழிந்து கடுகண்ணாவை வரும். அதைத் தாண்டியதும் பாதையின் ஒரு பக்கம் தரையே இல்லாததுபோல் விழுந்துவிடும். பிள்ளைகள் யன்னலுக்கு ஓடுவார்கள். கீழே வயல், எதிரே பைபிள் கல் என்று வெள்ளைக்காரர் பெயர் வைத்த பத்தலேகல, குகைக்குள் புகுந்து வெளிவரும் தண்டவாளம். எல்லாரும் பள்ளத்தைத்தான் பார்ப்பார்கள். கண்டி இராச்சியத்தின் மேற்கு வாசலைக் காத்த கோட்டை இருந்ததோ பள்ளத்தில் இல்லை, தலைக்கு மேலே உள்ள குன்றில்.

சுவரை மலையே கட்டியது

பலன ஏன் அவ்வளவு முக்கியமானது என்பதை ஓர் அளவு சொல்லிவிடும். ரம்புக்கனையில் ரயில் பாதை சில நூறு அடி உயரத்தில்தான் இருக்கிறது. கடுகண்ணாவை ஏறக்குறைய 1,700 அடி. இடையில் இருப்பது சில மைல்கள் மட்டுமே. தாழ்நிலம் அங்கே முடிந்து மலைநாடு செங்குத்தாக எழுகிறது. ரம்புக்கனையில் கோச்சிக்குப் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளி ஏற்றுவது வழக்கமாக இருந்தது. 45 அடி முன்னேற ஓரடி உயரும் ஏற்றம் அது.

கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் மகாவலி வளைத்து ஓடுகிறது. கொழும்பிலிருந்து வரும் படை முதலில் சத்தர கோறளையைக் கடக்க வேண்டும். பிறகு இந்த மலைச்சுவரை ஏற வேண்டும். பிறகு மகாவலியைத் தாண்ட வேண்டும். சுவரில் ஏறத்தக்க இடைவெளிகள் சிலவே இருந்தன. கலகெதரப் பக்கம் ஒன்று, பலனப் பக்கம் ஒன்று. இவற்றில் கொழும்புக்கு நேர் வழி பலன. அடிவாரத்தில் கணேதென்ன, உச்சியில் பலன. கணேதென்னையில் கூடாரம் அடித்த எந்தப் படையின் புகையும் உச்சியில் நிற்பவனின் கண்ணுக்குத் தப்பாது.

இப்படி ஓர் இடத்தில் பெரிய மதில் எழுப்ப வேண்டிய அவசியம் கண்டி அரசர்களுக்கு இருக்கவில்லை. காலியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒல்லாந்தர் கட்டிய கோட்டைகளை மனதில் வைத்துக்கொண்டு பலனைக்கு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே மதிலின் வேலையைப் பாறையும் காடும் பார்த்தன. மனிதர் செய்தது உச்சியைச் சமப்படுத்தி, கல் அடுக்கி, காவல் வைத்தது மட்டுமே.

முள்வாசலும் களிமண் முத்திரையும்

அந்தக் காவல் எப்படி இருந்தது என்பதை அறிய நமக்குக் கிடைத்த சிறந்த சாட்சி ரொபர்ட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டி நாட்டில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல், தப்புவதற்கு வழி தேடிக்கொண்டே இருந்த ஒருவரின் கண்ணால் எழுதப்பட்டது. ஆகவே பாதைகளையும் காவல்களையும் அவர் கவனித்த அளவுக்கு வேறு யாரும் கவனிக்கவில்லை.

மலைப்பாதைகளின் இடுக்குகளில் முள்வாசல்கள் இருந்தன என்கிறார் நொக்ஸ். முட்களைக் கட்டாகக் கட்டி, தடிகளில் பிணைத்து, தூக்கவும் இறக்கவும் கூடியதாகச் செய்த வாசல். பக்கத்தில் இரவு பகலாகக் காவல். கடந்து போகிறவன் யாராயினும் கையில் ஒரு களிமண் முத்திரை காட்ட வேண்டும். அந்த முத்திரையில் எழுத்து இல்லை, படம்தான். படைவீரனுக்குக் கொடுத்த முத்திரையில் தோளில் ஈட்டி வைத்த ஒரு மனிதன். வேலைக்காரனுக்குக் கொடுத்ததில், தோளில் காவுதடி வைத்து இரு முனையிலும் பை தொங்கவிட்ட மனிதன். வெள்ளைக்காரனுக்கு, தலையில் தொப்பியும் இடுப்பில் வாளும் உள்ள மனிதன்.

எழுத்தறியாத காவற்காரனும் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளக்கூடிய கடவுச்சீட்டு இது. முத்திரைக்கும் ஆளுக்கும் பொருந்தாவிட்டால் முள்வாசல் எழாது. நொக்ஸ் போன்றவர்கள் 19 ஆண்டுகள் அந்த நாட்டைவிட்டு வெளியேற முடியாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

இன்னொன்றையும் அவர் குறிக்கிறார். பாதைகளை அகலப்படுத்த அரசன் விடவில்லை. ஆறுகளுக்குப் பாலம் போட விடவில்லை. ஒருவர் பின் ஒருவராக நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதையாகவே எல்லாம் இருக்க வேண்டும் என்பது கட்டளை. பீரங்கியும் குதிரையும் தோட்டா வண்டியுமாக வரும் ஐரோப்பியப் படை, அந்தப் பாதையில் ஒரு மைல் நீளத்துக்கு இழுபட்டுப் போகும். முன்னால் நடப்பவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. இரு பக்கமும் காடு. கண்டியின் உண்மையான ஆயுதம் அந்த ஒற்றையடிப் பாதைதான்.

குன்றின் மேலே

பலன ரயில் நிலையத்தில் இறங்கி ஏறுவோர் உண்டு. கடுகண்ணாவைப் பக்கமாக வந்து சேர்வோரும் உண்டு. அலகல்லை மலைக்கு நடைபோகும் இளைஞர்கள் பலர் இதையும் அந்தப் பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஊரைவிட்டு வெளியேறும்வரை வழி கண்டிச் சீமையின் வீட்டுத்தோட்டங்களுக்கிடையே போகிறது. பலா, கித்துள், கமுகு, கமுகில் ஏறிய மிளகுக்கொடி. நமது தேயிலை மலைகளில் வெட்டிச் சீவிய பச்சைக்குப் பழகிய கண்ணுக்கு இந்தக் கலப்புப் பச்சை புதிது. அதற்கு மேல் புதரும் மானாப் புல்லும். ஈரம் இருந்தால் அட்டை இருக்கும். உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோகிற பழைய வழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

உச்சியில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். சமப்படுத்திய தரை, கருங்கல் அத்திவாரம், படிகள். தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடம். கல்லைப் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்த விளிம்பில் நின்று மேற்கே பார்க்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. ஒரு பக்கம் அலகல்லை, எதிரே பத்தலேகல, இடையில் சத்தர கோறளை முழுவதும் விரித்த பாயாகக் கிடக்கிறது. கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு படையும் அந்தப் பாயின் மேல்தான் நடந்து வந்தது. மேலே நின்றவன் அவர்கள் வருவதை நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. முன்னறிவிப்புக் கிடைத்தவனுக்குப் பாதிப் போர் முடிந்த மாதிரி.

1593: சிங்கம் திரும்பிய இடம்

பலனையின் பெயர் போர்க்கதைகளில் உரக்கக் கேட்கத் தொடங்குவது 1590களில். அப்போது இலங்கையில் போர்த்துக்கேயரை நடுங்க வைத்தவன் சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன். 1582இல் அவன் கண்டியையும் பிடித்திருந்தான். கண்டியை ஆண்ட கரல்லியத்தே பண்டார தப்பியோடித் திருகோணமலைப் பக்கத்தில் அம்மை கண்டு இறந்தான். அவன் மகள் குசுமாசன தேவி போர்த்துக்கேயரின் கையில் மன்னாரில் வளர்ந்தாள். ஞானஸ்நானம் பெற்ற அவளைத் தோனா கத்தரீனா என்று அழைத்தார்கள்.

பிறகு கண்டியில் எழுந்தவன் கொனப்பு பண்டார. போர்த்துக்கேயரோடு இருந்து, அவர்களிடம் போர்க்கலை கற்று, அவர்களாலேயே கண்டிக்கு அனுப்பப்பட்டவன். வந்த இடத்தில் அவர்களையே துரத்திவிட்டு அரியணையில் அமர்ந்தான். முதலாம் விமலதர்மசூரியன் என்று வரலாறு அறிவது அவனைத்தான். அவனை அடக்க 1593இல் கிழட்டு இராஜசிங்கன் நேரில் படையெடுத்து வந்தான். பலனைக் கணவாயில் தோற்றுத் திரும்பினான். திரும்பும் வழியில் காலில் மூங்கில் சிராய் ஏறிப் புண்பட்டு, பெத்தங்கொடையில் இறந்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரைப் பட்டினிபோட்ட ஒருவனை இந்த மலை திருப்பி அனுப்பியது.

1594: திறந்து கிடந்த வாசல்

அடுத்த ஆண்டே போர்த்துக்கேயர் வந்தார்கள். தலைமை பேத்ரோ லோப்பஸ் டி சூசா. தோனா கத்தரீனாவைக் கண்டியின் அரசியாக்கிவிட்டால் நாடு தங்கள் கைக்குள் என்பது திட்டம். அவர்களோடு வந்த உள்நாட்டுப் படைக்கு ஜயவீர பண்டார தலைவர். இவர் யார் என்பது தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி. தென்னிந்தியாவிலிருந்து சைவராக வந்து, இராஜசிங்கனின் அவையில் உயர்ந்து, அவன் இறந்தபின் போர்த்துக்கேயர் பக்கம் சேர்ந்தவர். அரித்த கிவெண்டு பெருமாள் என்பது அவருடைய பழைய பெயர். நமது மக்கள் கோப்பி பறிக்க வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, மலைநாட்டின் அரசியலில் ஒரு தமிழ்ப் பெருமாள் படைநடத்தினார்.

1594 ஜூலையில் அவர்கள் பலனைக்கு வந்தபோது கோட்டை காலியாகக் கிடந்தது. கண்டி நகரமும் காலி. விமலதர்மசூரியன் சண்டை போடாமல் காட்டுக்குள் பின்வாங்கியிருந்தான். வாசலைத் திறந்துவிட்டு உள்ளே வரவிடுவது, பிறகு வாசலைச் சாத்திவிடுவது. கண்டி அரசர்கள் அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குத் திரும்பத் திரும்பக் கையாண்ட உத்தி இங்கே முதன்முதலாகப் பெரிய அளவில் அரங்கேறியது.

தோனா கத்தரீனா பட்டம் சூட்டப்பட்டாள். ஆனால் அவளைச் சுற்றி எப்போதும் போர்த்துக்கேயரே. அவளை ஒரு போர்த்துக்கேயருக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. படைக்கு உணவு தேடப் போனவர்கள் கிராமங்களைக் கொள்ளையிட்டார்கள், எரித்தார்கள். இதைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் அந்தப் படையிலேயே இருந்த லஸ்கரின்களும் உண்டு. லஸ்கரின் என்பவர்கள் தாழ்நிலத்துக் கிராமத்தவர்கள். நிலத்துக்கு ஈடாகப் படைச்சேவை செய்யக் கட்டுப்பட்டவர்கள். போர்த்துக்கேயப் படை என்று நாம் சொல்லும் எந்தப் படையிலும் எண்ணிக்கையில் பெரும்பகுதி அவர்கள்தான்.

அந்த நேரத்தில் ஜயவீரர் கண்டி அரசனோடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருக்கிறார் என்று ஒரு கடிதம் போர்த்துக்கேயர் கையில் சிக்கியது. சிக்க வைத்தது விமலதர்மசூரியனின் சூழ்ச்சி என்பர். டி சூசாவின் முன்னாலேயே ஜயவீரர் குத்திக் கொல்லப்பட்டார். தலைவனைக் கொன்றதும் லஸ்கரின்கள் இரவோடு இரவாகக் கலைந்தார்கள். பலர் கண்டி அரசனோடு சேர்ந்தார்கள். எஞ்சிய போர்த்துக்கேயர் பலனையை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். 1594 ஒக்டோபர் 9ஆம் திகதி, வாசலுக்குச் சில மைல் முன்னால் தந்துரேயில் அவர்கள் அழிக்கப்பட்டார்கள். டி சூசா காயங்களால் இறந்தார். குசுமாசன தேவியை விமலதர்மசூரியன் மணந்தான். எந்த உரிமையைக் காட்டிப் போர்த்துக்கேயர் வந்தார்களோ, அந்த உரிமையும் அவனிடமே வந்து சேர்ந்தது.

1603, 1638: அதே பாடம்

அடுத்து வந்த தளபதி ஜெரோனிமோ டி அசவேடோ முந்தியவரைவிடப் பொறுமையானவர், கொடூரமானவரும்கூட. ஒரே பாய்ச்சலில் கண்டிக்குப் போக அவர் விரும்பவில்லை. கோட்டை கோட்டையாகக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக மலையை நெருங்கினார். 1603இன் தொடக்கத்தில் பலனையையே பிடித்துவிட்டார். விமலதர்மசூரியனின் நிலை தளர்ந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த வேளை அது.

அப்போது லஸ்கரின்கள் மறுபடியும் திரும்பினார்கள். படை முகாம்களில் கிளர்ச்சி வெடித்தது. தாழ்நிலமெங்கும் அது பற்றிக்கொண்டது. அசவேடோ பிடித்த கோட்டையைக் கைவிட்டு, வழியெல்லாம் அடிவாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். கல்லைப் பிடித்தவரால் அதைக் காக்க ஆளைப் பிடித்து வைக்க முடியவில்லை.

1638 மார்ச்சில் தியோகோ டி மெல்லோ டி காஸ்ட்ரோ வந்தார். கணவாயைத் தாண்டினார். கண்டியில் மனிதர் இல்லை. நகரை எரித்துவிட்டுத் திரும்பினார். மகாவலிக்கு இந்தப் பக்கம், இன்று பேராதனைப் பூங்காவுக்கு எதிரே உள்ள கன்னொருவையில், இரண்டாம் இராஜசிங்கனின் படை அவரைச் சூழ்ந்தது. இங்கும் லஸ்கரின்கள் கைவிட்டார்கள். தியோகோ டி மெல்லோவும் அவருடைய படையும் அங்கே முடிந்தன. போர்த்துக்கேயரில் 33 பேர்தான் எஞ்சினார்கள் என்பது வரலாற்றுக் குறிப்பு.

இடையில் 1630இல் ஊவாவின் ரந்தெனிவெலவில் கொன்ஸ்தந்தீனு டி சா விழுந்ததும் இதே விதமாகத்தான். நான்கு பெரிய போர்களிலும் முடிவை எழுதியவர்கள், ஏடுகளில் பெயரே இல்லாத லஸ்கரின்கள். அவர்கள் யாருக்காக ஈட்டி பிடித்தார்களோ, அவர்களாலேயே அவமதிக்கப்பட்டவர்கள். அவர்களின் வயலும் வீடும் எரிந்தபோது அவர்களின் விசுவாசமும் எரிந்தது. கண்டிப் போர்களின் வரலாற்றை அரசர்களின் வீரமாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். பலனையின் உச்சியில் நிற்கும்போது அந்தப் பெயரற்றவர்களையும் நினைக்க வேண்டும்.

1815: காவற்காரன் கைமாறியபோது

அந்தப் பாடம் கண்டி அரசுக்கும் ஒருநாள் திருப்பிப் படித்துக் காட்டப்பட்டது. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் வழியினர். அவர்களில் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1803இல் ஆங்கிலேயரின் முதல் படையெடுப்பு பழைய கதையாகவே முடிந்தது. காலியான நகரம், நோய், பின்வாங்கல், அழிவு.

பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே பகை முற்றியது. பிரதானிகளில் ஒருவரான எஹெலப்பொல ஆங்கிலேயரிடம் ஓடினார். அவருடைய குடும்பத்துக்குக் கிடைத்த தண்டனை நாட்டையே உறைய வைத்தது. தேசாதிபதி பிரவுன்ரிக் 1815இல் எட்டுப் பிரிவுகளாகப் படையை அனுப்பினார். சத்தர கோறளையின் திசாவையாக, அதாவது மாகாணத் தலைவராக, இந்த வாசலுக்குப் பொறுப்பாக இருந்த மொல்லிகொடவே ஆங்கிலேயரோடு சேர்ந்துவிட்டார். பலனையில் சொல்லிக்கொள்ளும்படி போர் எதுவும் நடக்கவில்லை. பெப்ரவரி 14இல் கண்டி வீழ்ந்தது. 18ஆம் திகதி மெதமஹநுவரைப் பக்கத்தில் அரசன் பிடிபட்டான். வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தான்.

இருநூறு ஆண்டுகள் பீரங்கிக்கு மசியாத வாசல், உள்ளிருந்தவர்களின் மனம் பிரிந்தபோது தானாகத் திறந்துகொண்டது. மக்களை இழந்தவனுக்கு மலை துணை நிற்பதில்லை. பலனைக் கோட்டை சொல்லும் செய்தி இதுதான் என்பது என் துணிபு.

பாறையைக் குடைந்தவர்கள்

ஆங்கிலேயர் பலனையில் பெரிய கோட்டை கட்டவில்லை. 1818 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, கண்டியைக் கையில் வைத்திருக்க அவர்கள் கண்ட வழி அகலமான தெரு. அரசர்கள் அகலப்படுத்த விடாத அதே பாதை. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. அந்த வேலையில் முன்னின்ற பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் கடுகண்ணாவையில் எழுப்பிய கோபுரமும், வீதிக்காகக் குடைந்த பாறை வாசலும் இன்றும் நிற்கின்றன. டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது. இராஜகாரியம் என்னும் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டு அந்தக் கல்லை உடைத்த கண்டிக் கிராமத்தவருக்கு எதுவும் இல்லை.

வீதி வந்ததும் கோப்பி வந்தது. கோப்பியைக் கீழே இறக்க மாட்டுவண்டி போதாமல் ரயில் வந்தது. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. 1874இல் நாவலப்பிட்டி. கோப்பியை நோய் தின்று தேயிலை வந்தபின் 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. பலனைக் குன்றின் விலாவைச் செதுக்கி, குகை குடைந்து, பள்ளத்தின் விளிம்பில் தண்டவாளம் போட்ட கைகளில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகள். காய்ச்சலும் பேதியும் அவர்களில் பலரை இங்கேயே புதைத்தன.

நமது முன்னோர் முதலில் மலைக்கு வந்த வழி வேறு. மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்த அந்த மரணப்பாதையை இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்த வழியைத்தான் நினைவுகூர்ந்தது. ஆனால் 1914இல் தலைமன்னாருக்கு ரயில் போட்டபிறகு வழி மாறியது. மண்டபம் முகாமில் அடைபட்டு, தடுப்பூசி போட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் கோச்சி பிடித்தவர்கள், பொல்கஹவெலவில் மலைப்பாதைக்குத் திரும்பினார்கள். அதாவது பலனை வழியாக ஏறினார்கள். கங்காணியின் துண்டை நம்பி வந்த ஒரு குடும்பம் மலைநாட்டின் குளிர்காற்றை முதன்முதலாக உணர்ந்தது இந்த ஏற்றத்தில்தான். அவர்களின் தகரத் துண்டுக்கும் நொக்ஸ் பார்த்த களிமண் முத்திரைக்கும் வேலை ஒன்றே. இன்னான் இன்ன இடத்துக்குரியவன் என்று காவற்காரனுக்குச் சொல்வது.

ஏறிய வழியாகவே இறங்கவும் நேர்ந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் ஏறியவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன கோச்சிக்கு நம்மவர் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒரே குடும்பம். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், அம்மி, சாமிப்படம். கடுகண்ணாவை தாண்டிக் கோச்சி பள்ளத்தின் விளிம்பில் வளையும்போது, மலை அவர்களின் கண்ணைவிட்டு மறைந்தது. பாதை போட்டவர்களின் பேரப்பிள்ளைகளை அந்தப் பாதை வழியாகவே வெளியேற்றிய வாசல் இது.

அந்த மக்களை எந்தப் படையும் தோற்கடிக்கவில்லை. இரண்டு நாடுகளின் தலைவர்கள் இட்ட கையெழுத்து அவர்களை இறக்கியது. மலையைக் காத்த பழைய அரசர்களிடம் இல்லாத ஒரு வலிமை இந்த நாட்டுக்கு இருந்தது: தலைமுறை தலைமுறையாக உழைத்து, வேறெங்கும் போக விரும்பாத ஒரு சனம். அதை இந்த நாடே கைநழுவ விட்டது.

ஏன் ஏற வேண்டும்?

நமது பாடசாலைகள் சுற்றுலா என்றால் கண்டிக்கும் சிகிரியாவுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. நல்லதுதான். போகிற வழியில் கடுகண்ணாவையில் ஒருநாள் செலவிட்டால், ஒரே கணவாயில் நானூறு ஆண்டுக் கதையைக் காட்டலாம். மேலே பலனக் கோட்டை. வீதியில் டோசன் கோபுரமும் குடைந்த பாறையும். நிலையத்துக்குப் பக்கத்தில் 2014இல் திறந்த ரயில் நூதனசாலை, அதில் நம் தாத்தாமாரை ஏற்றி இறக்கிய காலத்து எஞ்சின்கள். வயது வந்தவர்கள் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில், காலையிலேயே ஏறத் தொடங்குவது நல்லது. தண்டவாளத்தில் நடக்காதீர்கள். கல்லைப் பெயர்க்காதீர்கள், பெயர் கீறாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். வழியோடு கதையும் கிடைக்கும்.

மலையகத் தமிழரின் வரலாறு லயத்தில் தொடங்கி லயத்திலேயே முடிகிறது என்று நினைப்பவர்கள் வெளியில் மட்டுமல்ல, நமக்குள்ளும் இருக்கிறார்கள். ஜயவீரரின் படை ஏறியதும், நாயக்க அரசன் இழந்ததும், பாறை குடைந்தவர்கள் மாண்டதும், ஒப்பாரிக் கோச்சி இறங்கியதும் இந்தக் கணவாயில். இந்த மலையின் கதையைச் சிங்கள மக்களோடு சேர்ந்து உரிமையோடு சொல்ல நமக்குத் தகுதி உண்டு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்களின் கடமை.

அடுத்த இதழில் நுவரெலியாவுக்கு இன்னும் கிட்டே வருகிறோம். ஹக்கலை மலையைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும் பரணகமப் பள்ளத்தாக்கில், 1818 கிளர்ச்சியின்போது ஆங்கிலேய மேஜர் மக்டொனால்ட் அறுபது பேரோடு ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டு, கெப்பெட்டிபொல திசாவையின் ஆயிரக்கணக்கான வீரர்களை எதிர்த்து எட்டு நாள் நின்றார். அந்த இடத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் மக்டொனால்ட் கோட்டை. மக்கள் முழுவதும் கெப்பெட்டிபொலவின் பக்கம் இருந்தும் அந்தக் குன்று ஏன் விழவில்லை என்பதைப் பார்ப்போம். பலனை கற்பித்த பாடத்துக்கு அது ஒரு கடினமான கேள்வி.

(தொடரும்)